தயிர்சாதத்துக்குப் பிறகும் ஒரு ஜாமூன்

“இனிமே ஒரு பருக்கைகூட இறங்காதுப்பா” என்று தட்டைத் தள்ளிவைத்த பெரியப்பா, சற்று நேரத்தில் கிண்ணத்தில் இரண்டு குலாப் ஜாமூனோடு வந்து உட்காருகிறார். மேசையில் சிரிப்பு. சர்க்கரை மாத்திரையை நினைவூட்டும் பார்வை ஒன்றைப் பெரியம்மா வீசுகிறார். எல்லோரும் கிண்டல் செய்தாலும், பெரியப்பா சொன்னதில் பொய் இல்லை. சோறு இறங்காது என்பது உண்மை. ஜாமூன் இறங்கும் என்பதும் உண்மை. இரண்டும் ஒரே வயிற்றில் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதை ஆய்வாளர்கள் ஓரளவு தெளிவாகப் புரிந்துகொண்டதே 1980களில்தான்.

திருவண்ணாமலையில் இந்தக் காட்சிக்குப் பஞ்சமே இல்லை. பொங்கல் விடுமுறை, சித்திரை முதல் நாள், தீபத்தை ஒட்டிய நாட்கள் என்று ஏதாவது ஒரு சாக்கில் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வேன் பிடித்துக் குடும்பங்கள் வந்திறங்குகின்றன. காலையில் அண்ணாமலையார் தரிசனம். மதியம் ஏதாவது ஒரு ஹோட்டலில் பஃபே. சூப்பில் ஆரம்பித்து கோபி மஞ்சூரியன், பனீர் பட்டர் மசாலா, வெஜ் ஃப்ரைட் ரைஸ், பிரிஞ்சி, சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், தயிர்சாதம் என்று நீண்டு, ஜாமூன், பாயசம், ஐஸ்கிரீமில் போய் முடிகிற வரிசை. மூலையில் சுடச்சுடத் தோசை வார்த்துத் தருகிற ஒரு கவுன்ட்டர். அங்கேதான் குழந்தைகள் கூட்டம்.

முதலில் வயிற்றுக் கணக்கைப் பார்த்துவிடலாம். வெறும் இரைப்பையின் கொள்ளளவு ஒரு சின்ன டம்ளருக்குள் அடங்கிவிடும்; நூறு மில்லிலிட்டர்கூட வராது. சாப்பிட்டு எழும்போது அது ஒரு லிட்டரைத் தாண்டியிருக்கும். அதற்காக அது பலூன்போல் விறைப்பதில்லை. ஒவ்வொரு கவளத்தையும் விழுங்கும்போதே இரைப்பையின் மேல்பகுதித் தசை தானாகத் தளர்ந்து இடம் விடுகிறது. 1911இல் ஹார்வர்டைச் சேர்ந்த வால்ட்டர் கேனன் இந்தத் தளர்ச்சியைப் பதிவுசெய்தார். ஓர் அளவுக்கு மேல் சுவர் விரியும்போது, அங்குள்ள நரம்பு முனைகள் வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. அந்த நரம்புகளுக்குத் தெரிவது கனஅளவு மட்டும்தான். சக்தி எவ்வளவு என்று அவற்றுக்குத் தெரியாது. ஒரு டம்ளர் ரசமும் ஒரு டம்ளர் பாயசமும் அவற்றுக்கு ஒன்றே. ஒரு கிராம் நெய்யில் 9 கிலோகலோரி அடங்கியிருக்கிறது. இந்த ஊரின் 2,668 அடி உயர மலையின் உச்சியில் தீபக் கொப்பரையை நிரப்பி ஏற்றினால் இரவெல்லாம் எரியக்கூடிய சரக்கு அது. ஒரு கரண்டி உள்ளே போனால் இரைப்பைச் சுவர் அசைந்துகூடக் கொடுக்காது.

நெய்யைக் கண்டுபிடிக்கும் வேலை அடுத்த நிலையத்தில் நடக்கிறது. கொழுப்பும் புரதமும் சிறுகுடலின் முதல் பகுதியைத் தொட்டதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து ‘போதும்’ என்கிறது. இதை எலிகளுக்கு ஊசியாகப் போட்டால் அவை குறைவாகச் சாப்பிடுகின்றன என்று 1973இல் காட்டினார்கள். ஆனால், குடலிலிருந்து வரும் இந்தச் செய்திகள் வலுப்பெறக் கால்மணி, இருபது நிமிடம் ஆகிவிடுகிறது. பஃபேயில் இருபது நிமிடம் என்பது இரண்டு நடை.

இதெல்லாம் சரி. ஆனால், பெரியப்பாவின் ஜாமூனுக்கு இதில் விளக்கம் இல்லை. வயிறு நிறைந்துவிட்டது என்றால் எல்லா உணவும்தானே கசக்க வேண்டும்?

1950களில் பிரெஞ்சு உடலியலாளர் ழாக் லு மான்யன் எலிகளிடம் ஒரு விநோதத்தைக் கவனித்தார். ஒரே மணமூட்டிய தீனியைக் கொடுத்தால் எலி ஓர் அளவோடு நின்றுவிடும். அதே தீனியில் மணத்தை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்தால், நின்ற எலி மறுபடியும் சாப்பிடத் தொடங்கும். சத்து ஒன்றுதான், வாசனைதான் வேறு. மனிதர்களிடம் இதை நிரூபித்தவர்கள் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த பார்பரா ரோல்ஸ், எட்மண்ட் ரோல்ஸ் குழுவினர். 1981இல் அவர்கள் செய்தது எளிமையான சோதனை. எட்டு உணவுகளை ஒவ்வொரு வாய் ருசிபார்க்கச் சொல்லி, எது எவ்வளவு பிடிக்கிறது என்று மதிப்பெண் வாங்கினார்கள். பிறகு அதில் ஒன்றை மட்டும் வயிறார உண்ணச் சொன்னார்கள். சாப்பிட்டு முடித்த 2 நிமிடத்தில் மறுபடியும் எட்டுக்கும் மதிப்பெண். சாப்பிட்ட உணவின் மதிப்பெண் மட்டும் சரிந்திருந்தது. தொடாத ஏழும் ஏறக்குறைய அப்படியே இருந்தன.

2 நிமிடத்தில் என்ன செரித்திருக்கும்? ஹார்மோன் சுரக்கவே நேரம் போதாது. அப்படியானால் இந்தத் திகட்டல் வயிற்றில் பிறப்பதே இல்லை. நாக்கிலும் மூக்கிலும் வாங்கிய அனுபவத்தை வைத்து மூளை போடுகிற கணக்கு இது. ஒவ்வொரு ருசிக்கும் ஒரு தனிப் பேரேடு. சோற்றுக் கணக்கு மூடப்பட்டாலும் ஜாமூன் கணக்கில் இன்னும் வரவே வைக்கவில்லை.

அதே குழு மேலும் தோண்டியது. ஒரே பூரணம் வைத்த சாண்ட்விச்சுகளை உண்டவர்களைவிட, நான்கு விதப் பூரணம் கிடைத்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு அதிகம் சாப்பிட்டார்கள். 1984இல் நான்கு சுற்று விருந்து ஒன்று வைத்தார்கள்: சாசேஜ், வெண்ணெய் தடவிய ரொட்டி, சாக்லேட் இனிப்பு, வாழைப்பழம். நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தவர்களுக்கு உள்ளே போன கலோரி, ஒரே பண்டத்தை நான்கு சுற்றும் உண்டவர்களைவிட 60 சதவீதம் அதிகம். ருசி மாறவேண்டும் என்றுகூட இல்லை. மூன்று வடிவப் பாஸ்டா கொடுத்தபோதும் ஒரே வடிவத்தைவிட அதிகம் காலியானது, மாவு ஒன்றுதான்! ஜாங்கிரி திகட்டியவருக்கு ஜிலேபி தெம்பூட்டுவதில் ஆச்சரியமே இல்லை.

மூளையில் இந்தப் பேரேடு இருக்கும் இடத்தையும் எட்மண்ட் ரோல்ஸ் தேடிப் போனார். நெற்றிக்குப் பின்னால், கண்குழிகளுக்கு மேலே உள்ள புறணிப் பகுதியில், குரங்குகளின் தனித்தனி நரம்பணுக்களை அவர் குழு செவிமடுத்தது. இனிப்புக் கரைசலுக்குப் படபடவெனத் துடித்த ஒரு நரம்பணு, குரங்கு அதைப் போதும்போதுமென்று குடித்த பிறகு மௌனமாகிவிடும். வேறொரு உணவை நாக்கில் வைத்தால் மறுபடி துடிக்கும். நாக்கிலிருந்து வரும் சேதியை முதலில் வாங்கும் சுவைப் புறணியில் இந்த மாற்றம் இல்லை. அதாவது, ருசி மாறாமல் தெரிகிறது, ஆசைதான் வடிந்துவிடுகிறது.

இதைவிட என்னை அசரவைப்பது ஞாபகம் இழந்தவர்களிடம் நடந்த ஆய்வு. மூளைப் பாதிப்பால் சற்றுமுன் நடந்தது எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத இருவருக்கு உளவியலாளர் பால் ரோசின் குழுவினர் மதிய உணவு கொடுத்தார்கள். சாப்பிட்டு முடித்து 10 முதல் 30 நிமிடத்துக்குள் இன்னொரு மதிய உணவை வைத்தார்கள். அதையும் சாப்பிட்டார்கள். பல தடவை மூன்றாவதையும் தொடங்கினார்கள். 1998இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தால், ‘நான் சாப்பிட்டுவிட்டேன்’ என்ற நினைவே பசியடங்குவதில் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பது விளங்கும். பத்தாண்டு கழித்து இத்தகையவர்களிடம் ரோல்ஸ் பாணிச் சோதனையைச் செய்து பார்த்தபோது இன்னொரு வியப்பு: சாப்பிட்டதே நினைவில்லாதவர்களுக்கும், உண்ட பண்டத்தின்மீது மட்டும் ஆசை குறைந்திருந்தது. பேரேட்டை எழுதுகிறவருக்கு நம் ஞாபகத்தின் தயவு தேவையில்லை.

இப்படி ஓர் ஏற்பாடு உயிரினத்துக்கு எதற்கு? எல்லாவற்றையும் தின்று வாழும் மனிதனுக்கு ஒரே கிழங்கில் எல்லாச் சத்தும் கிடைக்காது. கிடைத்த ஒன்றையே தின்றுகொண்டிருக்காமல் கீரை, பழம், மீன் என்று கை மாறிப் போக இந்தத் திகட்டல் உதவியிருக்கும் என்பது பலரும் ஏற்கிற விளக்கம். காட்டில் அது புத்திசாலித்தனம். முப்பது பண்டம் பத்தடி தூரத்துக்குள் வரிசையாக நிற்கும் இடத்தில் அதே புத்தி நம்மைக் கவிழ்க்கிறது.

இந்த ஊரிலேயே இதற்கு நேரெதிரான சாப்பாடு ஒன்றும் இருந்திருக்கிறது. 1896இல் திருவண்ணாமலைக்கு வந்த ரமணர், 1899 முதல் 1916 வரை பெரும்பாலும் மலைமீதுள்ள விரூபாட்ச குகையில் இருந்தார். அந்த நாட்களில் அடியார்கள் ஊருக்குள் போய்ப் பிச்சையாகப் பெற்றுவந்ததை எல்லாம் ஒன்றாகப் போட்டு, வெந்நீர் விட்டுக் கரைத்து, கஞ்சியாக்கி எல்லோரும் குடித்ததை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். சில நாள் அதில் உப்புகூட இருக்காதாம். துறவின் நோக்கம் வேறு என்பது தெரியும். ஆனாலும் உடலியல் கண்ணோடு பார்த்தால், அந்தப் பாத்திரத்தில் நடந்தது கச்சிதமான ஒரு செயல்: பத்து ருசிகளுக்கான பத்துக் கணக்குகளை ஒரே கணக்காக்கியது. அது திகட்டினால் அவ்வளவுதான், ஓடி ஒளிய வேறு ருசி கிடையாது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் டேவிட் லெவிட்ஸ்கி குழுவினர் 2012இல் இதற்கு இணையான ஒன்றைச் சோதித்தார்கள். அதே உணவுப் பொருள்களைக் கலந்து ஒரே பண்டமாகக் கொடுத்தபோது உண்டதைவிட, தனித்தனியாகப் பிரித்து வைத்தபோது மாணவர்கள் அதிகம் உண்டார்கள். 1916இல் ரமணர் ஸ்கந்தாசிரமத்துக்கு மாறிய பிறகு அவர் தாயார் அழகம்மாள் அங்கே சமையல் தொடங்கினார். அடியார்களின் நாக்குக்கு அப்போதுதான் விடிவு பிறந்திருக்கும்.

“அப்படியென்றால் நம் வாழை இலைச் சாப்பாடும் பஃபேதானே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கூட்டு, பொரியல், பச்சடி, அப்பளம், மூன்று குழம்பு என்று வகைகளுக்கு அங்கே குறைவில்லை. திகட்டலை ஏமாற்றும் வித்தையில் இலைச் சாப்பாடு எந்த ஹோட்டலுக்கும் இளைத்ததல்ல. வித்தியாசம் ஒழுங்கில் இருக்கிறது என்பது என் கணிப்பு. சாம்பார், ரசம், மோர் என்று ஒரே திசையில் போகும் பாதை அது. மோருக்குப் பிறகு “மறுபடி கொஞ்சம் சாம்பார் சாதம் போடுங்க” என்று பந்தியில் கேட்டால் பரிமாறுகிறவரே ஒரு மாதிரி பார்ப்பார். இலையை மூடிவிட்டால் அத்தோடு கதை முடிந்தது. பஃபேயின் முன்னோடிகளில் ஒன்றான சுவீடன் நாட்டு விருந்து மேசைக்கும் இப்படி ஒரு வரிசை உண்டு. முதலில் ஹெரிங் மீன், பிறகு மற்ற மீன்கள், ஆறிய இறைச்சி, சூடான பண்டம், கடைசியில் இனிப்பு. ஒவ்வொரு நடைக்கும் புதுத் தட்டு. உலகம் சுற்றி இங்கே வந்து சேர்வதற்குள் மேசை மட்டும் மிஞ்சி, வரிசை தொலைந்துவிட்டது. தயிர்சாதத்துக்குப் பிறகு தோசை கவுன்ட்டருக்குப் போக இங்கே யாரும் தடை சொல்வதில்லை.

தடை சொல்லாதது மட்டுமா? “அண்ணி, அந்தப் பக்கம் பால் பாயசம் வச்சிருக்காங்க, பார்த்தீங்களா?” “மாமா, நீங்க ஒண்ணுமே சாப்பிடலையே, இருங்க, நான் எடுத்துட்டு வரேன்.” சொந்தபந்தம் கூடினால் சாப்பாடு கூடும் என்பதற்கு எண்ணிக்கையே இருக்கிறது. அமெரிக்காவில் ஜான் டி காஸ்ட்ரோ, சாதாரண மக்களிடம் குறிப்பேடு கொடுத்து, எப்போது, என்ன, யாரோடு சாப்பிட்டோம் என்று ஒரு வாரம் எழுதச் சொன்னார். பிறரோடு உண்ட வேளைகள் தனியாக உண்டவற்றைவிட 44 சதவீதம் பெரிதாக இருந்தன. ஆள் கூடக்கூட அளவும் கூடியது. முக்கியக் காரணம் எளிது: கூட்டமாக இருந்தால் மேசையை விட்டு எழ நேரமாகிறது. அத்தையின் மகள் கல்யாணப் பேச்சு முடியும்வரை தட்டும் முன்னால்தான் இருக்கும். 2019இல் பிரிட்டனின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்ன திருத்தம் இன்னும் சுவையானது. இந்த விளைவு தெரிந்தவர்களோடு உண்ணும்போதுதான் வலுவாக இருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் நடுவே நாம் அடக்கி வாசிக்கிறோம்.

பஃபே பற்றிப் படிக்கும்போது ஒரு பெயரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சின்னத் தட்டு வைத்தால் குறைவாகச் சாப்பிடுவீர்கள், பஃபே விலை குறைந்தால் ருசியும் குறைந்ததாகத் தோன்றும் என்றெல்லாம் பத்திரிகைகளில் சுற்றிவரும் பல செய்திகள் கார்னெலில் இருந்த பிரையன் வான்சிங்கின் ஆய்வுக்கூடத்திலிருந்து கிளம்பியவை. ஒரு பிட்சா பஃபேயில் திரட்டிய தரவிலிருந்து மட்டும் அவர் குழு பல கட்டுரைகளை எழுதியது. பிறர் எண்களைக் கூட்டிப் பார்த்தபோது அவை பொருந்தவில்லை. அவருடைய ஒரு டஜனுக்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. 2018இல் பல்கலைக்கழகம் ஆய்வு ஒழுங்கீனத்தை உறுதிசெய்ததும் அவர் பதவி விலகினார். வாட்ஸ்அப்பில் வரும் ‘சின்னத் தட்டு மந்திரம்’ இன்னமும் ஓய்ந்தபாடில்லை.

இனி பஃபே மேசையில் வரிசையாக நிற்கும் மூடிபோட்ட பாத்திரங்கள். ஹோட்டல்காரர்கள் சேஃபிங் டிஷ் என்பார்கள். மூடியைத் தூக்கினால் உட்புறம் முத்துமுத்தாக நீர்த்துளிகள் வழியும். அடியில் இரண்டு சிறு டப்பாக்களில் ஆல்கஹால் கூழ் எரிந்துகொண்டிருக்கும். மெத்தனால் என்றால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்கே தெரியாது. குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல் இருப்பது நல்லது. அந்தத் தீ நேராகப் பண்டத்தைத் தொடுவதில்லை. நடுவே ஒரு தட்டு நீர். இட்லிப் பானையில் நடப்பதுதான் இங்கும்: நீர் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, அதனால் பனீர் அடிபிடிப்பதில்லை. எழும் ஆவி மேல்பாத்திரத்தின் அடியில் பட்டுக் குளிர்ந்து நீராகும்போது, தான் சுமந்துவந்த வெப்பத்தை அங்கே இறக்கிவைக்கிறது. ஒரு கிராம் ஆவி நீராக மாறும்போது வெளிவிடும் வெப்பம், ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோகத் தேவையானதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல்.

இந்த ஏற்பாட்டின் நோக்கம் நாக்குக்குச் சூடு மட்டுமல்ல, நுண்ணுயிர்களைத் தடுப்பதும்தான். சமைத்த உணவை 60 டிகிரிக்கு மேலோ 5 டிகிரிக்குக் கீழோ வைத்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. இடைப்பட்ட வெப்பநிலை பாக்டீரியாக்களுக்குக் கல்யாண மண்டபம். பஃபேயில் நான் முதலில் கைவைத்துச் சூடு பார்ப்பது ஃப்ரைட் ரைஸ் தட்டைத்தான். பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியோடு வந்து, சோறு கொதித்தாலும் சாகாமல் தங்கிவிடும். வடித்த சோற்றை அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் விட்டால் அவை முளைத்து, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சுரக்கும். அந்த நச்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. மறுநாள் வாணலியில் போட்டுப் புரட்டுவதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களின் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டவர்கள் அடுத்தடுத்து வாந்தி எடுத்தபோதுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. நம் பழைய சோறு ராத்திரி முழுக்க வெளியில்தானே இருக்கிறது என்றால், அங்கே நீரூற்றியதும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பேற்றிவிடுகின்றன. புளித்த நீரில் பாசில்லஸ் சீரியஸுக்கு வசதி போதாது.

சாப்பிட்டு முடித்து வேனில் ஏறியதும் பாதிப்பேர் கண்ணயர்ந்துவிடுகிறார்கள். ரத்தமெல்லாம் வயிற்றுக்குப் போய்விட்டதால் மூளை சோர்ந்துவிட்டது என்று யாராவது சொல்வார்கள். குடலுக்கு ரத்த ஓட்டம் கூடுவது நிஜம்தான். ஆனால், மூளை தன் பங்கை விட்டுக்கொடுப்பதில்லை. நம்மை விழிப்போடு வைத்திருக்கும் ஒரெக்சின் நரம்பணுக்கள் குளுக்கோஸ் ஏறும்போது அடங்கிவிடுகின்றன என்று எலிகளின் மூளையில் கண்டிருக்கிறார்கள். அமினோ அமிலங்கள் அவற்றை மறுபடி உசுப்புவதாகவும் தெரிகிறது. போதாக்குறைக்கு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் மதியம் இரண்டு, மூன்று மணிக்கு உடலின் கடிகாரமே ஒரு சரிவில் இருக்கும்.

“எல்லாம் சாயங்காலம் கிரிவலத்துல கரைஞ்சிடும்” என்பது இந்த ஊர்ப் பஃபேக்களுக்கே உரிய சமாதானம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நடப்பதற்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 0.75 கிலோகலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் 630. ஒரு ஜாமூனுக்குச் சுமார் 150 என்று வைத்தால் நான்கு ஜாமூன். இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது: அந்த மூன்றரை, நான்கு மணி நேரம் ஹோட்டல் அறையில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் 200க்கு மேல் செலவாகியிருக்கும். நடந்ததால் கூடுதலாகக் கரைந்தது மூன்று ஜாமூனுக்கும் குறைவு. மஞ்சூரியன், பனீர், பாயசமெல்லாம் அப்படியே நிற்கின்றன.

கலோரியை விட்டுவிட்டுச் சர்க்கரையைப் பார்த்தால் நடைக்குக் கிடைக்கும் மதிப்பெண் கூடுகிறது. சும்மா இருக்கும் தசைக்குள் குளுக்கோஸ் நுழைய இன்சுலின் கதவைத் திறந்துவிட வேண்டும். வேலை செய்யும் தசையோ, இன்சுலினுக்குக் காத்திராமல் தன் உள்ளே இருக்கும் குளுக்கோஸ் கடத்திகளைத் தானே மேற்பரப்புக்குத் தள்ளிக்கொள்கிறது. உண்டபின் ரத்தத்தில் சர்க்கரை உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள். ஆகவே, பெரியப்பா பௌர்ணமி நிலா எழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கை கழுவியதும் ஹோட்டல் வளாகத்தையே பத்து, பதினைந்து நிமிடம் சுற்றி வந்தால் போதும். வெயிலுக்குத் தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளட்டும்.